டிக்கெட் இல்லாத போசன்

போன வாரம் முத்துலட்சுமி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். "அக்கா, புதுசா நாலு பேர் சேந்திருக்காவ. அந்த டெம்ப்ளேட்ட நீங்க எப்படி உண்டாக்கினியன்னு ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்க. நான் வாயால சொன்னா கேக்க மாட்டுக்காவ, எழுதியிருந்தா படிப்பாவ" என்றாள். எழுதியிருந்தால் படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. முப்பத்தைந்து வருடம் சுற்றறிக்கை எழுதிப் பார்த்தவள் நான். இருந்தாலும் கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். டெம்ப்ளேட் எப்படி உருவானது என்பது அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். அந்த டெம்ப்ளேட்டால் ஒருவர் வீடு போய்ச் சேராமல் போகவிருந்த கதைக்குத்தான் மீதிப் பக்கங்கள் வேண்டும்.

கப்பல் ஏஜென்சியில் வேலை என்றால் கப்பலே எங்களுடையது என்று என் சொந்தக்காரர்கள் சிலர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. உண்மையில் எங்கள் வேலை, தூத்துக்குடிக்கு வரும் கப்பலுக்குக் கரையில் ஆக வேண்டியதையெல்லாம் செய்து கொடுப்பது. குடிதண்ணீர், டீசல், காய்கறி, டாக்டர், சுங்கம் என்று ஒன்று பாக்கியிருக்காது. நான் நாசரேத்தில் பிறந்து, சாயர்புரத்தில் கல்லூரி முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த ஒரே தகுதியில் டெலக்ஸ் மெஷினுக்கு முன்னால் உட்காரப் போனவள். வீட்டில் அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள். மூன்றாவது ஆசிரியராக நானும் வருவேன் என்று காத்திருந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் போய் மெயில் வந்தது, கடைசியில் எனக்கு மாலுமிகளின் மேசை வந்தது. இத்தனை வருடத்தில் அலைதடுப்புச் சுவரைத் தாண்டி லாஞ்சில், அதாவது கப்பலுக்கும் கரைக்கும் போய் வரும் மோட்டார் படகில், மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் வாந்தி. ஆகவே கரையோடு இருந்துகொண்டேன்.

மாலுமிகள் மேசையின் வேலை கேட்பதற்கு எளிது. ஒப்பந்தம் முடிந்தவரைக் கப்பலிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கப்பல் துறைமுகத்துக்குள் வராமல் வெளியே கடலில் நின்றால் லாஞ்சு பிடிக்க வேண்டும். லாஞ்சு வெளியே போகத் துறைமுக அனுமதி வேண்டும். இறங்குபவரின் பெயர், பாஸ்போர்ட் விவரத்தோடு இமிக்ரேஷனுக்கு முன்கூட்டியே கடிதம் போக வேண்டும். சுங்கத்தில் பெட்டியைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு ஹோட்டல், கார், விமானம். இதில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த ஆள் கப்பலிலேயே கிடப்பார், இல்லையென்றால் கரையில் பெட்டியோடு நிற்பார்.

முதலில் இதையெல்லாம் சுவரில் வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதி வைத்திருந்தோம். போகிற வருகிறவர்கள் தோளில் உரசி எழுத்து அழிந்துவிடும். ஒரு முறை ஒரு கப்பலுக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்த வரி என் சேலையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டது. பிறகு கம்ப்யூட்டரில் போர்டு வந்தது. கப்பலுக்கு ஒரு போர்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது என்று மூன்று வரிசை. வேலை நகர நகர கார்டையும் வலப்பக்கம் இழுத்துவிட வேண்டும், ஏற்பாடு முடிந்த கார்டு பச்சையாகிவிடும். சுவரில் ஒரு பெரிய டி.வி. மாட்டி, அன்றைய கார்டுகள் மட்டும் அதில் தெரியும்படி வைத்திருந்தோம்.

அந்த டி.வி.க்கு முன்னால் தினமும் காலையில் வந்து நிற்பவர் எங்கள் மேனேஜர் தங்கப்பழம். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர், இருந்தாலும் அலுவலகம் முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் பங்குக்கு என்னை டீச்சர் என்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு டி.வி.யை மேலிருந்து கீழே ஒரு முறை படிப்பார். அவர் கேட்பது மூன்றே கேள்வி. "ஆரு போறா? எதுல போறா? ஆரு பாத்தா?" ஆச்சு என்று யாராவது சொல்லிவிட்டால் அவ்வளவுதான். "ஆச்சுன்னு ஒமக்கு ஆரு சொன்னா?" என்பார். லாஞ்சுக்காரர் சொன்னார் என்றால், "அவரு பேரென்ன, எத்தன மணிக்குச் சொன்னாரு?" என்பார். குரல் உயராது, முகம் மாறாது. ஆனால் பதில் வரும் வரை நகர மாட்டார். சில நாள் அந்த இரண்டு நிமிடம் தாங்க முடியாமல், டீ குடிக்கப் போவதுபோல நான் கீழே இறங்கியிருக்கிறேன்.

கார்டுகளை ஒவ்வொரு முறையும் கையால் டைப் செய்வதுதான் பெரும்பாடு. ஒரு கப்பலில் எட்டுப் பேர் இறங்கினால் எட்டுப் பேருக்கும் பத்துப் பன்னிரண்டு கார்டு. ஒரு காலைப்பொழுது அதிலேயே போய்விடும், ஒன்றிரண்டு விட்டும் போகும். ஒரு என்ஜினியரின் பெட்டி லாஞ்சிலேயே தங்கிவிட்டது. அவர் விமானம் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார், அவர் பெட்டி இங்கே இன்னும் இரண்டு நாள் கடலில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. 'பெட்டிகளை எண்ணு' என்ற கார்டு அதிலிருந்து வந்தது. அநேகமாக எல்லாக் கார்டுக்கும் பின்னால் இப்படி ஒரு பெட்டி உண்டு.

ஆகவே நான் டெம்ப்ளேட் செய்தேன், அதாவது ஒரு முறை அழுத்தினால் எல்லாக் கார்டும் தானாக வந்து நிற்கும் ஒரு மாதிரி போர்டு. யாரும் சொல்லவில்லை, நானாகவே செய்தேன். ஒரு குறையும் இல்லாமல் முடிந்த ஒரு போர்டை எடுத்து நகல் செய்தேன். அதில் இருந்த ஆட்களின் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு, லாஞ்சு பார்ப்பவர், காகிதம் பார்ப்பவர் என்று வேலையின் பெயரைப் போட்டேன். தேதிகளை எடுத்துவிட்டுக் கணக்கைப் போட்டேன். விமானம் புறப்படும் நேரம் ஒன்றுதான் ஆணி. ஏர்போர்ட் கார் அதற்கு இத்தனை மணி முன்பு, சுங்கம் அதற்கு முன்பு, லாஞ்சு அதற்கும் முன்பு, இமிக்ரேஷன் கடிதம் எல்லாவற்றுக்கும் முன்பு. டிக்கெட் கார்டில் நேரத்தைப் போட்டால் போதும், மற்ற பத்துக் கார்டும் தங்கள் நேரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்.

ஏன் கப்பல் வரும் நேரத்தை ஆணியாக வைக்கவில்லை என்று கேட்கலாம். கப்பல் வரும் நேரம் நாளுக்கு நான்கு தடவை மாறும். டிக்கெட் எடுத்துவிட்டால் மாறாது. கப்பல் நேரம் உறுதியான பிறகுதான் நாங்கள் டிக்கெட்டே எடுப்போம். அதனால் அதுதான் உறுதியான நேரம் என்று எனக்குப் பட்டது. அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லி வாயை அடைத்திருப்பேன்.

அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "முறுக்கு அச்சு மாதிரில்லா இருக்கு டீச்சர்" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதம் ஒரு தவறும் நடக்கவில்லை. எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. ஒரு நாள் காலையில் அவர் வழக்கம்போல "ஆரு பாத்தா?" என்று ஆரம்பித்தபோது, "அதான் போர்டே சொல்லுதுல்லா அண்ணாச்சி. பச்சையா இருந்தா ஆச்சு. இன்னும் ஒவ்வொருத்தரா கேட்டுட்டு இருந்தா டெம்ப்ளேட் எதுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் டி.வி.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி" என்றார். அதற்குப் பிறகு பெரிய வேலைகளுக்கு மட்டும் கேட்டார். ஒரு ஆள் இறங்குவது, ஒரு பெட்டி அனுப்புவது போன்றவற்றைக் கேட்பதை விட்டுவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் லாரன்ஸ் விஷயம் வந்தது. லாரன்ஸ் மணப்பாட்டுக்காரர், தூத்துக்குடியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும் கடற்கரை ஊர். ஒரு பெரிய சரக்குக் கப்பலில் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். ஒப்பந்தம் முடிந்து இரண்டு முறை இறங்க வேண்டியது, இரண்டு முறையும் பதில் ஆள் வராமல் தள்ளிப்போனது. அவர் மனைவி பிலோமிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ரத்தப்போக்கு. ஆபரேஷனுக்கு நாள் குறித்து, கணவர் வராமல் படுக்க மாட்டேன் என்று அவரும் இரண்டு முறை தள்ளிப் போட்டிருக்கிறார். மூன்றாவதாக வியாழக்கிழமை குறித்திருந்தார்கள். மதுரையிலிருந்து டாக்டர் வந்து செய்யும் ஆபரேஷன், புதன்கிழமையே சேர்ந்துவிட வேண்டும். பதில் ஆள் முந்தைய துறைமுகத்தில் ஏறியாகிவிட்டது. கப்பல் நம் கடல் வழியாகத்தான் மேற்கே போகிறது. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தூத்துக்குடிக்கு வெளியே கொஞ்ச நேரம் நிறுத்தி இவர் ஒருவரை மட்டும் இறக்கிவிடக் கம்பெனி சம்மதித்தது. அதற்கு அடுத்த கரை இருபத்திரண்டு நாள் தள்ளி. இதெல்லாம் மெயிலிலேயே இருந்தது. நான் படித்தேன், அப்போது என் உதவியாளாக இருந்த முத்துலட்சுமியும் படித்தாள்.

திங்கள்கிழமை முத்துலட்சுமி டெம்ப்ளேட்டை அழுத்தினாள், பதினோரு கார்டும் வந்தன. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். "மணப்பாட்டுக்குப் போக ஃபிளைட்டாம் அக்கா" என்றாள். நானும் சிரித்தேன். "எடுத்துரு. நம்ம ஊர்க்காரருக்கு ஹோட்டல் எதுக்கு, ஏர்போர்ட் கார் எதுக்கு" என்றேன். அவள் டிக்கெட் கார்டை எடுத்தாள், ஹோட்டல் கார்டை எடுத்தாள், கார் கார்டை எடுத்தாள். அதற்குப் பதிலாகத் தானே ஒரு கார்டு டைப் செய்து, 'லாரன்ஸ் மச்சான் கார் கொண்டு வருவார்' என்று அவர் நம்பரோடு போட்டாள். எங்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். அசலூர்க்காரர்களையே அனுப்பி அனுப்பிப் பழகிய கைக்கு நம் ஊர் ஆள் ஒருவர் கிடைத்திருக்கிறார்.

ஆணியைப் பிடுங்கினால் அதில் மாட்டியிருப்பதெல்லாம் விழும். டிக்கெட் கார்டு போனதும் மீதிக் கார்டுகளின் நேரமும் போய்விட்டது. அவை அழியவில்லை. நேரம் இல்லாத கார்டுகள் போர்டின் அடியில் ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், அந்த மூலையை யாரும் பார்ப்பதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் டி.வி.யில் அந்தக் கப்பலின் பெயருக்கு எதிரே மச்சான் கார் மட்டும் பச்சையாக நின்றது. அண்ணாச்சி வந்து நின்றார், படித்தார், கேட்காமல் போய்விட்டார். ஒரு ஆள் இறங்கும் வேலைதானே.

பதினொன்றே முக்காலுக்கு எனக்கு ஒரு போன் வந்தது.

"மேடம், நான் லாரன்ஸ் அத்தானோட மச்சான் பேசுதேன், மணப்பாடு. காரு எடுத்தாச்சு. எந்த கேட்டுக்கு வரணும்? எத்தன மணிக்கு அவுக எறங்குவாவ? அக்கா காலைலேருந்து மூணு மட்டம் கேட்டுட்டா."

டில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போகிறவரின் வீட்டிலிருந்து எங்களுக்கு இப்படி யாரும் போன் செய்வதில்லை. ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு லாஞ்சு கார்டில் நேரம் பார்க்கப் போனேன். டி.வி.யில் லாஞ்சு இல்லை. கம்ப்யூட்டரில் தேடினேன். மூலையில் இருந்தது. லாஞ்சு, துறைமுக அனுமதி, இமிக்ரேஷன் கடிதம், சுங்கம், எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒன்றுமே தொடங்கப்படாமல் இருந்தன. "மெதுவா வாங்க தம்பி, கேட்டு நம்பர நானே கூப்பிட்டுச் சொல்லுதேன்" என்றேன். அதில் பொய் இல்லை, உண்மையும் இல்லை.

முத்துலட்சுமியிடம் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அண்ணாச்சி அறைக்குப் போய், உட்காராமலே சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். "லாஞ்சு எங்கன நிக்கி?" என்று கேட்டார். முத்துலட்சுமி போன் போட்டாள். நாங்கள் வழக்கமாக எடுக்கும் லாஞ்சுகள் இரண்டு. ஒன்றைப் பெயின்ட் அடிக்கக் கரையில் ஏற்றியிருந்தார்கள். இன்னொன்று வேறு கப்பலுக்கு மளிகைச் சாமான் கொண்டு போயிருந்தது, கரைக்குத் திரும்பும்போது மதியம் மூன்று மணி ஆகிவிடும். கப்பல் வருவதோ இரண்டு மணிக்கு.

எங்கள் ஜோசப் திரேஸ்புரத்துக்காரர். கப்பலுக்கு லாஞ்சில் போய்க் காகிதம் வாங்கி வருவது அவர் வேலை. "அண்ணாச்சி, எங்க மாமாவோட வள்ளம் சும்மாத்தான் கெடக்கு. சொன்னா இப்பமே எடுத்துருவாரு" என்றார்.

"ஏலே, மீன் புடிக்கிற வள்ளத்துல கப்பல் ஆள எறக்குனா நாளைக்கு இந்த ஆபீஸ்ல மீன்தான் விக்கணும்" என்றார் அண்ணாச்சி. சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு வேலையைப் பிரித்தார். "ஜோசப், லாஞ்சு எந்தப் படித்துறைக்கு வருதோ அங்கன போயி நில்லும். சாமான் கப்பல்லேருந்து நேரா வரச் சொல்லும், வழியில எங்கயும் நிக்கக் கூடாது. முத்து, துறைமுக அனுமதியும் சுங்கமும். டீச்சர், லெட்டர அடிச்சுத் தாங்க, இமிக்ரேஷனுக்கு நானே கொண்டு போறேன். அப்புறம் கப்பலோட நீங்க பேசுங்க."

கடிதத்தை ஐந்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "கேப்டன்ட்ட என்ன சொல்லப் போறிய?" என்று கேட்டார்.

"லாஞ்சு எஞ்சின் கோளாறுன்னு." எங்கள் தொழிலில் எந்தத் தாமதத்துக்கும் முதலில் வாயில் வருவது இதுதான்.

"சொல்லுங்க. அவுக கப்பல்காரவுக. எஞ்சினப் பத்தி நாலு கேள்வி கேப்பாவ. ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் கடிதத்தோடு படியிறங்கிப் போய்விட்டார்.

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. நான் அன்றைக்கு உண்மையைச் சொன்னதற்கு அதுதான் காரணம். நேர்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். கேப்டன் வடநாட்டுக்காரர், பொறுமையான குரல். லாஞ்சு ஏற்பாடு செய்ய மறந்துவிட்டோம், தவறு எங்களுடையது, லாஞ்சு கப்பலுக்கு வந்து சேர நாலேகால் ஆகிவிடும், காத்திருக்க முடியுமா என்று கேட்டேன். "போசன் காலையிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார், மேடம்" என்றார். "நாலரை வரைக்கும் நிற்கிறேன். அதற்கு மேல் கம்பெனிக்கு என்னால் பதில் சொல்ல முடியாது" என்றார்.

இமிக்ரேஷனில் என்ன நடந்தது என்று அண்ணாச்சி பிறகும் விரிவாகச் சொல்லவில்லை. கடிதம் ஏன் தாமதம் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "மறந்துட்டோம் சார்" என்று சொல்லிவிட்டு இவர் அங்கேயே நின்றிருக்கிறார். ஒரு மனிதர் பேசாமல் நிற்பதில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பது அலுவலகத்தில் எங்களுக்குத் தெரியும், அந்த அதிகாரிக்கும் அன்று தெரிந்திருக்கும். மூன்று மணிக்குக் காகிதம் கைக்கு வந்தது. மூன்று ஐந்துக்கு லாஞ்சு படித்துறைக்கு வந்தது. மூன்று பத்துக்கு ஜோசப்பை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

காற்றுக்காலம். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் போகிற தூரத்துக்குக் கூடக் கொஞ்சம் ஆகும் என்று லாஞ்சுக்காரர் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அலுவலகத்தில் இருக்க முடியாமல் படித்துறைக்கே வந்துவிட்டேன். மச்சான் அங்கே எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். காரில் ஒரு தலையணையும் போர்வையும் வைத்திருந்தார். "அத்தான் தூங்கிட்டே வரட்டும்னு அக்கா குடுத்து விட்டா" என்றார். லாஞ்சு ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை. கடல் விஷயம் என்றால் முன்னே பின்னே ஆகும் என்பது அவர்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

லாஞ்சு கண்ணுக்கு மறைந்ததும் ஜோசப்பின் போனுக்கு லைன் போகவில்லை. என் கையில் இருந்தது ஒன்றுதான், கப்பல்கள் எங்கே நிற்கின்றன, என்ன வேகத்தில் போகின்றன என்று காட்டும் செயலி. அதில் எங்கள் கப்பல் ஒரு சின்ன அம்புக்குறி. வேகம் பூஜ்யம். நான்கு இருபதுக்குப் பார்த்தேன், பூஜ்யம். நாலரைக்குப் பார்த்தேன், பூஜ்யம். நான்கு முப்பத்தாறுக்கு அந்த எண் மாறியது. முதலில் இரண்டு, பிறகு ஐந்து, பிறகு ஒன்பது. கப்பல் கிளம்பிவிட்டது. லாரன்ஸை இறக்கிவிட்டுக் கிளம்பியதா, இறக்காமல் கிளம்பியதா என்று அந்த அம்புக்குறியில் தெரியாது. நாங்கள் நின்ற இடத்தில் கப்பல் கிளம்பியது தெரிந்தவள் நான் ஒருத்திதான். மச்சான் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். வாங்கிக் குடித்தேன். சூடா, ஆறியதா என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

கேப்டனுக்குப் போன் செய்யலாம்தான். கப்பலைத் திருப்பும் வேளையில் எடுக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பதிலைக் கேட்கப் பயந்தேன்.

ஐந்தரை இருக்கும், அலைதடுப்புச் சுவரைத் தாண்டி லாஞ்சு உள்ளே வந்தது. லாஞ்சு ஆட்கள் மூன்று பேர், ஜோசப் ஒருவர், மொத்தம் நாலு. லாரன்ஸும் இருந்தால் ஐந்து. நான் தலைகளை எண்ணினேன். என் கண்ணுக்கு மூன்று தெரிந்தது, பிறகு நாலு தெரிந்தது. "வெள்ளச் சட்ட" என்றார் மச்சான், பக்கத்தில். பின்பக்கத்தில் பெட்டியின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் எழுந்து கையைத் தூக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டிகளை எண்ணுவதுபோலத் திரும்பி நின்றுகொண்டேன்.

கயிற்று ஏணியில் அவர் கால் வைத்தபோது நான்கு முப்பத்திரண்டு என்று ஜோசப் பிறகு சொன்னார். நாலரைக்கு லாஞ்சு நெருங்கி வருவதைப் பார்த்துவிட்டு கேப்டன் அசையாமல் இருந்திருக்கிறார். அந்த நல்ல மனிதருக்கு நான் கடிதம் எழுதினேன், கம்பெனிக்கும் நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

மறுநாள் முத்துலட்சுமி என் மேசைக்கு வந்து நின்றாள். "நாந்தான அக்கா டிக்கெட் கார்ட எடுத்தேன்" என்றாள். "எடுக்கச் சொன்னதும் நாந்தான். ஒண்ண எடுத்தா எல்லாம் விழுற மாதிரி கட்டி வச்சதும் நாந்தான். போயி வேலையப் பாரு" என்றேன். அன்றே டெம்ப்ளேட்டைப் பிரித்தேன். இமிக்ரேஷன், அனுமதி, லாஞ்சு மூன்றையும் கப்பல் வரும் நேரத்தோடு கட்டினேன், நாளுக்கு நாற்பது தடவை மாறினாலும் மாறிக்கொள்ளட்டும் என்று. நேரம் இல்லாத கார்டு மூலைக்குப் போகாமல் டி.வி.யின் உச்சியில் சிவப்பாக நிற்கும்படி செய்தேன். அண்ணாச்சி காலையில் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பி, "கேக்கலாமா டீச்சர்?" என்றார். "கேளுங்க அண்ணாச்சி" என்றேன். நான் ஓய்வு பெறும் நாள் வரை கேட்டார்.

ஆபரேஷன் வியாழக்கிழமை குறித்தபடி நடந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். லாரன்ஸ் அதே வெள்ளைச் சட்டையில் இருந்தார். கட்டிலில் பிலோமி, மெலிந்து, ஆனால் தெளிவாக இருந்தார். லாரன்ஸ் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்காவ ரெண்டரை மணி நேரம் கப்பல நிறுத்தி வச்சிட்டிய மேடம். மணப்பாட்டுல இதத்தான் பேசுதாவ. கோயில்ல பங்குச் சாமியாரே கூப்பிட்டுக் கேட்டாரு" என்றார்.

கேட்டுக்கொண்டு சிரித்துவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொள்ள என்னிடம் இடம் இல்லை. டெம்ப்ளேட் என்றால் என்ன, டிக்கெட் கார்டு என்றால் என்ன, நாங்கள் எதை எடுத்தோம், எது விழுந்தது என்று முழுக்கச் சொன்னேன். "கப்பல நிறுத்தி வச்சது ஒங்களுக்காவ இல்ல. நான் மறந்ததுனால" என்றேன்.

"ஏணிப் பக்கத்துலயேதான் நின்னேன். ஒரு லாஞ்சும் காங்கல. கப்பல் திரும்பிப் போகும்போது மணப்பாட்டத் தாண்டித்தான் போவும். எறங்க முடியாம அங்கன வச்சு எங்க ஊர்க் கோயில் தெரிஞ்சா என்ன செய்யன்னு நெனச்சுட்டே நின்னேன்" என்றார் லாரன்ஸ்.

பிலோமி என்னைப் பார்த்தார். "டிக்கெட் எடுத்துப் போறவுகள நீங்க மறக்க மாட்டிய, இல்லையா?"

"மாட்டோம்மா."

"நாங்க பக்கத்துல இருக்கோம்னுதான் மறந்துட்டிய."

குரலில் கோபம் இல்லை. புரிந்துகொண்டதைச் சரிபார்க்கிறவர்போலத்தான் கேட்டார். ஆமாம் என்றேன்.

"இந்த மட்டமும் அவுக வரலேன்னா, டாக்டர்ட்ட ஆபரேஷனே வேண்டாம்னு சொல்லிரணும்னு இருந்தேன்" என்றார் பிலோமி. "இனிமே நாள் குறிக்கவே வேண்டாம், இப்படியே போற வரைக்கும் போட்டும்னு. அன்னைக்குக் காலையிலேயே முடிவு பண்ணிட்டேன்."

லாரன்ஸ் பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "இத நீ எங்கிட்டச் சொல்லவேயில்லியே" என்றார்.

"சொன்னா அங்கன நீங்க தூங்குவியளா?"

அவர் பிளாஸ்கை மூடாமலே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் அந்த அறையில் இருப்பது அவர்கள் இருவருக்கும் நினைவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தேன். வாசலில் ஆட்டோவைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். ஏறி உட்கார்ந்ததும் முத்துலட்சுமிக்குப் போன் செய்து, அடுத்து இறங்க வேண்டியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் "ஆரு பாத்தா?" என்று கேட்டேன்.